சிறு குழந்தைகளுடன் அட்வென்டிஸ்ட் உலகப் பொதுமாநாட்டிற்கு: முதல்முறை செல்வோருக்கான வழிகாட்டி

2025 ஜூலை 3 முதல் 12 வரை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடைபெற்ற ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையின் 62-ஆம் உலகப் பொதுமாநாட்டிற்கு நானும் கணவரும் எங்கள் ஐந்து வயது மகளையும் பதினான்கு மாத மகனையும் அழைத்துக்கொண்டு சென்றோம். நாங்கள் வாக்குரிமையுடன் அனுப்பப்படும் பிரதிநிதிகள் அல்லர், பார்வையாளர்களாகவே சென்றோம். பிரதிநிதிகளுக்கு வழிகாட்ட அலுவலகங்களும் சுற்றறிக்கைகளும் உண்டு. சொந்தச் செலவில் குழந்தைகளுடன் கிளம்பும் குடும்பத்துக்கு ஒவ்வொன்றையும் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலைதான். மாநாடு வழக்கமாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடுவதால், ஒருமுறை கற்றதை அடுத்த முறைக்குள் மறந்துவிடுகிறோம். எங்களுக்கு ஏற்பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

1. எந்த நாட்களுக்குச் செல்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பத்து நாட்களும் இருந்துவிட வேண்டும் என்ற ஆசையே நாங்கள் செய்த முதல் தவறு. மாநாட்டின் வார நாட்களில் பெரும்பாலான நேரம் அலுவல் கூட்டங்களில் கழியும். அறிக்கைகள் வாசிக்கப்படும், சபை விதிநூலின் திருத்தங்கள் விவாதிக்கப்படும், பொறுப்பாளர்கள் வாக்கெடுப்பின் மூலம் தெரிந்தெடுக்கப்படுவார்கள். பார்வையாளருக்கு அங்கே பேசவோ வாக்களிக்கவோ இடமில்லை. பெரியவர்களுக்கு இவை மிகுந்த ஆர்வமூட்டுவனவாக இருக்கலாம்; மடியில் ஒரு குழந்தையும் அருகில் ஒரு குழந்தையுமாக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி இராது. காலைத் தியானங்கள், மாலை நேர ஊழிய அறிக்கைகள், கண்காட்சி அரங்கம், இரண்டு ஓய்வுநாள் (சனிக்கிழமை) ஆராதனைகள் ஆகியவையே குடும்பத்தோடு அனுபவிக்கத் தக்கவை.

ஆகவே இரண்டு ஓய்வுநாட்களில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதையொட்டி நான்கு அல்லது ஐந்து நாட்களுக்கு மட்டும் திட்டமிடுவது நல்லது. என்னைக் கேட்டால் இறுதி ஓய்வுநாளையே பரிந்துரைப்பேன். 2025-இல் முதல் வார இறுதி ஜூலை 4-ஆம் தேதியோடு சேர்ந்து வந்தது. அன்றுதான் புதிய தலைவராக எர்ட்டன் கோலர் தெரிந்தெடுக்கப்பட்டார்; அன்றே அமெரிக்கச் சுதந்திர நாளும் என்பதால் பயணம் செய்வோரின் கூட்டமும், இரவில் வாணவேடிக்கையின் ஓசையும் இருந்தன. கைக்குழந்தை உள்ளவர்கள் இத்தகைய தேதிகளை நாள்காட்டியில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிழக்கு நாடுகளிலிருந்து செல்வோருக்கு நேர வேறுபாடு பத்து மணி நேரத்துக்கும் மேல். எனவே நீங்கள் பங்குபெற விரும்பும் முதல் நிகழ்ச்சிக்குக் குறைந்தது இரண்டு நாட்கள் முன்னதாகவே சென்று சேருங்கள். எங்கள் மகன் முதல் மூன்று இரவுகளும் அதிகாலை இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு விளையாட ஆரம்பித்தான்.

2. கடவுச்சீட்டும் பெயரும்

பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். அதைப் பெறுவது கடினமான வேலை அன்று. கடினம் பெயரில்தான் இருக்கிறது. நம் வழக்கத்தில் பெயருக்கு முன் தலைப்பெழுத்து இடுகிறோம். பிறப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும், தந்தையின் கடவுச்சீட்டில் அது விரித்து எழுதப்பட்டிருக்கும், தாயின் ஆவணத்தில் குடும்பப்பெயருக்கான இடமே வெறுமையாக இருக்கும். குடும்பப்பெயர் இல்லாத கடவுச்சீட்டுக்கு வழங்கப்படும் அமெரிக்க விசாவில், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்பதைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகளை அச்சிட்டுவிடுகிறார்கள். அது குற்றமான செய்தி அன்று என்றாலும், விமானச் சீட்டில் வேறு விதமாகப் பெயர் எழுதப்பட்டிருந்தால் விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும்.

ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன் குடும்பத்தார் அனைவருடைய பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பெற்றோர் கடவுச்சீட்டு ஆகியவற்றை ஒரே மேசையில் பரப்பிவைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் தேவையானால் அதைச் செய்து முடித்த பிறகே விசா விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். எங்கள் மகளின் பிறப்புச் சான்றிதழில் இருந்த ஒரே ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த ஏழு வாரங்கள் ஆயின.

பயணம் முடியும் நாளுக்குப் பின்னும் ஆறு மாதங்கள் செல்லுபடியாகும் கடவுச்சீட்டாக இருப்பது பாதுகாப்பானது. சிறுவர்களின் கடவுச்சீட்டு பெரியவர்களுடையதைக் காட்டிலும் குறுகிய காலமே செல்லுபடியாகும் என்பதால், முன்பு எடுத்துவைத்ததே போதும் என்று எண்ணாமல் தேதியைப் பாருங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையை அழைத்துச் செல்வதாயின், மற்றவர் சம்மதம் தெரிவித்து நோட்டரி முன் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். எல்லா இடத்திலும் கேட்கமாட்டார்கள், ஆனால் கேட்கும் இடத்தில் அதற்கு மாற்றாக எதுவும் இல்லை.

3. விசா

கடைசியாக நடந்த நான்கு மாநாடுகளும் (2010 அட்லாண்டா, 2015 சான் அன்டோனியோ, 2022, 2025 செயின்ட் லூயிஸ்) அமெரிக்காவில் கூடியவை. அடுத்தது எங்கே என்பது அறிவிக்கப்பட்டதும் அந்நாட்டு விதிகளைப் பாருங்கள். அமெரிக்காவாக இருந்தால் பின்வருவன பொருந்தும்.

விசா விலக்குப் பெற்ற நாடுகளின் குடிமக்கள் (பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நார்வே, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் போன்றவை) இணையவழியாக எஸ்டா (ESTA) என்னும் பயண அனுமதி பெற்றால் போதும். 2025 செப்டம்பர் இறுதியில் அதன் கட்டணம் ஒருவருக்கு 40 டாலராக உயர்த்தப்பட்டது. கைக்குழந்தைக்கும் தனியாகப் பெற வேண்டும். இங்கே பலர் தவறுவது ஒன்றுண்டு: இச்சலுகை குடியுரிமை பெற்றவர்களுக்கே உரியது. அந்நாடுகளில் நிரந்தரமாக வசித்தாலும் இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு விசா வேண்டும். கணவர் ஒரு நாட்டுக் கடவுச்சீட்டும் மனைவி வேறொரு நாட்டுக் கடவுச்சீட்டும் வைத்திருக்கும் குடும்பங்கள் இதைத் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

மற்றவர்கள் பி1/பி2 வருகை விசாவுக்கு டிஎஸ்-160 படிவத்தை நிரப்ப வேண்டும். தலைக்கு ஒரு படிவம், தலைக்கு ஒரு கட்டணம். குழந்தைக்குச் சலுகை இல்லை. நாங்கள் விண்ணப்பித்தபோது கட்டணம் ஒருவருக்கு 185 டாலர். நால்வருக்கு 740 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பக் கிடைக்காது. கட்டணங்கள் மாறுகின்றன என்பதால் செலுத்தும் நாளன்று அமெரிக்கத் தூதரகத்தின் இணையதளத்தில் உள்ள தொகையையே நம்புங்கள்.

கைக்குழந்தையின் புகைப்படம் எங்களை மூன்று முறை அலையவைத்தது. படம் 5 × 5 செ.மீ. அளவில், வெண்மையான பின்னணியில், கண்கள் திறந்த நிலையில், வேறு எவருடைய கையும் தெரியாதபடி இருக்க வேண்டும். ஆறு மாதங்களுக்குள் எடுத்ததாகவும் இருக்க வேண்டும். வெள்ளைப் படுக்கை விரிப்பின்மேல் குழந்தையைக் கிடத்தி, சன்னல் வெளிச்சத்தில் மேலிருந்து எடுத்தபோதுதான் எங்களுக்குச் சரியாக அமைந்தது.

நேர்காணலுக்கான காத்திருப்பு சில நகரங்களில் பல மாதங்கள் நீளும். எனவே மாநாட்டுக்குக் குறைந்தது பத்து மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். ஓராண்டு என்றால் இன்னும் நல்லது. குடும்பம் முழுவதையும் ஒரே கணக்கின் கீழ்ப் பதிவு செய்து ஒரே நாளில் நேர்காணல் கேளுங்கள். குழந்தைகள் நேரில் வர வேண்டுமா என்ற விதி அண்மையில் மாற்றப்பட்டுள்ளது. முன்பு சென்றவர்கள் சொல்வதைக் கேட்டுக் குழந்தையை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள்.

சபையிலிருந்து பெறும் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரதிநிதிகளுக்கான அதிகாரபூர்வக் கடிதங்கள் டிவிஷன் (திருச்சபையின் உலகப் பெருமண்டலம்) அலுவலகங்கள் வழியாக வருகின்றன. பார்வையாளர் அதை எதிர்பார்க்கக் கூடாது. உங்கள் உள்ளூர் போதகரிடம் நீங்கள் சபை உறுப்பினர் என்பதற்கும் மாநாட்டில் பார்வையாளராகப் பங்குபெறச் செல்கிறீர்கள் என்பதற்கும் ஒரு கடிதமும், இயன்றால் உங்கள் பகுதிச் சபைகளை நிர்வகிக்கும் கான்ஃபரன்ஸ் அல்லது மிஷன் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் பெறுங்கள். உள்ளூர் சபை, கான்ஃபரன்ஸ், யூனியன் (பல கான்ஃபரன்ஸ்களின் கூட்டமைப்பு), டிவிஷன் என்ற வரிசையில்தான் கோரிக்கை மேலே செல்லும். ஒவ்வொரு படிக்கும் மூன்று வாரங்கள் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கடிதம் இருப்பதால் விசா உறுதியாகிவிடாது. நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதைக் காட்டும் சான்றுகளே முதன்மையானவை: பணியிட விடுப்புக் கடிதம், வருமான ஆவணங்கள், பள்ளி விடுப்புக் கடிதம். நேர்காணலில் பிரதிநிதி போலப் பேச வேண்டாம். பார்வையாளராகச் செல்வதாகவும், இத்தனை நாட்கள் தங்குவதாகவும், செலவை இன்னார் ஏற்பதாகவும் நேராகச் சொல்லுங்கள்.

4. அறை

அறிவிப்பு வந்த வாரத்திலேயே செய்ய வேண்டியது அறைப் பதிவு. மாநாட்டு அரங்கிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள விடுதிகள் முதலில் நிரம்பிவிடும். குழந்தை மதியம் உறங்க வேண்டும், உடை மாற்ற வேண்டும், காய்ச்சல் வந்தால் ஒருவர் அறைக்குத் திரும்ப வேண்டும். இவை அனைத்தையும் எண்ணிப் பார்த்தால், தொலைவில் உள்ள மலிவான அறையைக் காட்டிலும் அருகில் உள்ள சிறிய அறையே மேல். நாங்கள் பணத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணிப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி அறை எடுத்தோம். மிச்சமான தொகையின் பெரும்பகுதி வாடகை வண்டிகளுக்கே போனது.

கவனிக்க வேண்டியவை சில. இணையத்தில் தெரியும் வாடகைக்கு மேல் வரிகள் தனியாகச் சேரும். வண்டி நிறுத்தக் கட்டணமும் பல இடங்களில் தனி. பணம் கொடுக்கும்போது கடன் அட்டையிலிருந்து கூடுதலாக ஒரு தொகையைப் பிணையாக முடக்கி வைப்பார்கள், ஆகவே அட்டையின் வரம்பில் இடம் விட்டு வையுங்கள். தொட்டில் வேண்டுமென்று பதிவின்போதே எழுதுங்கள். குளிர்பெட்டி உண்டா என்று கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பப் பெறக்கூடிய பதிவையே எடுங்கள். 2020-இல் இண்டியனாபொலிஸ் நகரில் நடக்கவிருந்த மாநாடு கொரோனா தொற்றினால் தள்ளிப்போய், 2022 ஜூன் 6 முதல் 11 வரை செயின்ட் லூயிஸில் ஆறு நாட்களாகச் சுருக்கி நடத்தப்பட்டது. ஆண்டு, நகரம், நாட்களின் எண்ணிக்கை மூன்றுமே மாறின. முன்பணம் திரும்பாத பதிவு செய்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

5. விமானச் சீட்டு

விசா கைக்கு வரும் முன் சீட்டு வாங்காதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை மடியில் அமர்ந்து செல்லலாம். பன்னாட்டு விமானங்களில் அதற்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு வாங்குகிறார்கள். பயணத்தின் நடுவில் குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்தால் திரும்பும் பயணத்துக்கு முழு இருக்கை வாங்க வேண்டும். எங்களுடன் வந்த ஒரு குடும்பத்துக்கு இது திரும்பும் நாளன்று விமான நிலையத்தில்தான் தெரிய வந்தது. தொட்டில் பொருத்தும் இருக்கைகள் மிகச் சிலவே. சீட்டு வாங்கியவுடன் விமான நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு, எடை வரம்பையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தாய்ப்பால், பால்மாவுப் பால், குழந்தை உணவு ஆகியவை 100 மி.லி. வரம்பைக் கடந்தாலும் அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் அனுமதிக்கப்படுகின்றன. அவற்றைத் தனியே எடுத்துக் காட்ட வேண்டும். நாட்டுக்குள் நுழையும்போது கொண்டுவந்த உணவுப்பொருள் எதுவாயினும் சுங்க அலுவலரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வந்திறங்கியதும் வண்டி எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. செயின்ட் லூயிஸ் உள்ள மிசௌரி மாநிலத்தில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையும், வயது எதுவாயினும் 18 கிலோவுக்குக் குறைவான குழந்தையும் காரில் குழந்தை இருக்கையில்தான் அமர வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் இதற்குத் தன் சட்டத்தை வைத்துள்ளது. அழைத்தவுடன் வரும் வண்டிகளில் அந்த இருக்கை இருப்பதில்லை. நல்வாய்ப்பாக அந்நகரில் விமான நிலையத்திலிருந்து மெட்ரோலிங்க் ரயில் மாநாட்டு மையத்தின் அருகே வரை செல்கிறது. ரயில் இல்லாத நகரமானால் இலகுவான குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

6. காப்பீடும் மருந்தும்

அமெரிக்காவில் ஒரு காய்ச்சலுக்கு மருத்துவமனை செல்வதும் பெருஞ்செலவாகிவிடும். நால்வருக்கும் பயணக் காப்பீடு எடுங்கள். குழந்தைக்கு ஏற்கெனவே உள்ள நோய்கள் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். மருந்துகளை அவற்றின் அசல் உறையிலேயே, மருத்துவரின் சீட்டுடன் கைப்பையில் வையுங்கள்.

7. குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகள்

நம் திருச்சபையின் பெரிய கூட்டங்களில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகள் ஓய்வுநாள் பள்ளியை (ஓய்வுநாளில் நடக்கும் வேதாகம வகுப்பு) போலவே வயது வாரியாகப் பிரிக்கப்படும். உங்கள் குழந்தை எந்தப் பிரிவில் சேரும் என்பதை அந்தக் கூட்டத்தின் அறிவிப்பைப் படித்தே முடிவு செய்யுங்கள், ஏனெனில் வயது எல்லைகள் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. இடங்கள் குறைவு என்பதால் பதிவு திறக்கும் நாளைக் குறித்துவையுங்கள். ஒப்படைத்தவரிடமே குழந்தையைத் திருப்பித் தருவது இங்கு வழக்கம் என்பதால், காலையில் கணவர் விட்டு மாலையில் மனைவி அழைப்பதாயின் இருவர் பெயரையும் முதலிலேயே எழுதிக்கொடுங்கள். ஒவ்வாமை இருந்தால் அதையும் எழுதுங்கள்.

நிகழ்ச்சிகள் நடக்கும் மொழியும் முக்கியம். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் குழந்தை, அறியாத மொழியில் அறியாத ஆசிரியரிடம் முதல் நாள் தனியே உட்காராது. ஒரு வேளையாவது பெற்றோரில் ஒருவர் உடன் இருக்கும்படி நேரத்தை ஒதுக்குங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை எந்த நிகழ்ச்சியாயினும் உங்களோடேதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

8. ஓய்வுநாளுக்கான ஆயத்தம்

குடும்பத்துடன் செல்வோர் மிகுதியும் தடுமாறும் இடம் இது. வெள்ளி சூரிய அஸ்தமனம் முதல் சனி சூரிய அஸ்தமனம் வரை வாங்குவதும் விற்பதும் இல்லை. கண்காட்சி அரங்கமும் மூடப்படும். ஓய்வுநாள் உணவுக்கான சீட்டை முன்னதாகவே வாங்கிவிட வேண்டும். அன்று காசு கொடுத்து வாங்க இயலாது. மாநாட்டு உணவு சைவமே. எனினும் குழந்தைக்குப் பழக்கமான சுவையாக இராது என்பதால், வியாழக்கிழமையே அதற்கான உணவு, பால்மாவு, டயப்பர், குடிநீர், சனிக்கிழமைப் பயணத்துக்கான ரயில் சீட்டு ஆகியவற்றை வாங்கி முடியுங்கள். வெள்ளி மாலைக்கு ஒத்திவைத்தால் நகரில் உள்ள அத்தனை அட்வென்டிஸ்ட் குடும்பங்களும் அதே கடை வரிசையில் நிற்கும்.

ஜூலைத் தொடக்கத்தில் செயின்ட் லூயிஸில் சூரியன் மறைவது இரவு எட்டரை மணி அளவில். ஆறரைக்கே இருள் சூழும் இடத்திலிருந்து சென்ற எங்களுக்கு இது பெரிய மாற்றமாக இருந்தது. குழந்தைகள் உறங்கும் நேரத்தில்தான் ஓய்வுநாள் தொடங்குகிறது. அதனால் குடும்ப ஆராதனையை அறையில் வைத்துக்கொண்டு அவர்களைப் படுக்கவைத்து, மறுநாள் காலைக் கூட்டத்துக்குப் புத்துணர்ச்சியோடு அழைத்துச் செல்வதே நல்லது என்று கண்டோம்.

சனிக்கிழமை காலை கூட்டம் மற்ற நாட்களைக் காட்டிலும் பன்மடங்கு பெருகும். ஆராதனை தொடங்க ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே வாசலுக்கு வந்துவிடுங்கள்.

9. அரங்கினுள்

இத்தகைய மாநாடுகள் விளையாட்டு அரங்குகளில் கூடுகின்றன. பிரதிநிதிகள் கீழ்த்தளத்தில் அமர, பார்வையாளர் இருக்கைகள் செங்குத்தான படிக்கட்டுகளின் மேல் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். தள்ளுவண்டியை அங்கே கொண்டு செல்ல முடியாது; எனவே குழந்தையை உடலோடு கட்டிச் சுமக்கும் பையும் எடுத்துச் செல்லுங்கள். வெளியேறும் வழிக்கு அருகில், வரிசையின் ஓரத்து இருக்கையைப் பிடியுங்கள். பைகளின் அளவுக்கு அரங்குகள் கட்டுப்பாடு வைப்பதுண்டு. குழந்தைக்கான பைக்கு விலக்கு உண்டா என்பதை அரங்கின் விதிகளில் முந்தின நாளே படியுங்கள்.

வெளியே வெயில் 30 பாகைக்கு மேல் கொளுத்தும்போது உள்ளே குளிர்சாதனத்தால் நடுங்க நேரும். குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் வேண்டும். ஒலிபெருக்கியின் ஓசைக்குக் கைக்குழந்தையின் காதைப் பாதுகாக்கும் காதுமூடி வாங்கிச் சென்றது நாங்கள் செய்த நல்ல செலவுகளில் ஒன்று.

குழந்தை கூட்டத்தில் தவறிவிடுவதற்கான ஆயத்தத்தை முதல் நாளே செய்யுங்கள். அந்நாட்டில் இயங்கும் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிய பட்டையைக் குழந்தையின் கையில் கட்டுங்கள். ஒவ்வொரு காலையும் குழந்தை அணிந்த உடையோடு ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். எல்லோரும் ஒரே தோற்றத்தில் தெரியும் அந்தக் கூட்டத்தில் "எந்த நிறச் சட்டை" என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்ல அது உதவும். பெயர் அட்டை அணிந்த பணியாளரைக் குழந்தைக்குக் காட்டி, "அம்மாவைக் காணவில்லையென்றால் இப்படி அட்டை போட்டவரிடம் போய் நில்" என்று சொல்லிக்கொடுங்கள்.

பெற்றோர் இருவரும் எல்லாக் கூட்டத்துக்கும் ஒன்றாகச் செல்ல முயல வேண்டாம். ஒரு வேளை அவர், ஒரு வேளை நான் என்று நாங்கள் முறை வைத்துக்கொண்டது மூன்றாம் நாளில்தான். அதன் பிறகே இருவராலும் ஒரு செய்தியையாவது முழுமையாகக் கேட்க முடிந்தது. அறையில் இருப்பவர் திருச்சபையின் தொலைக்காட்சியான ஹோப் சேனல் நேரலையில் பார்த்துக்கொள்ளலாம். மகன் தோளில் உறங்க, மகள் அரைகுறையாக அறிந்த பாட்டைக் கூடவே பாட, பல நாட்டு மக்களின் குரலோடு எங்கள் குரலும் சேர்ந்த அந்த ஓய்வுநாள் காலைக்கு நால்வரும் ஒன்றாகவே சென்றோம். அந்த ஒரு வேளைக்கு மட்டும் முறை வைக்காதீர்கள்.